குவெஸ்ட் என்பது வெறும் எடுபிடி வேலையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், ஆட்டக்காரர் ஒரு பாத்திரமாகவே மாறி ஆடும் இணைய வழி ஆர்.பி.ஜி. விளையாட்டுகளின் சிறந்த கதைகளைப் பற்றி வெளியான கட்டுரையை ஆர்வத்தோடு வாசித்தேன். இணைய விளையாட்டு என்றாலே ரம்மியையும் துப்பாக்கிச் சண்டையையும் மட்டும் பேசிக்கொண்டிருக்கும் சூழலில், மாய உலகங்களில் நடக்கும் இந்த நெடுங்கதைகளுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் குவெஸ்ட்டுகளை, அதாவது விளையாட்டின் பாத்திரங்கள் ஆட்டக்காரரிடம் ஒப்படைக்கும் கதைப் பணிகளை, வரிசைப்படுத்தக் கட்டுரையாளர் கையில் எடுத்த அளவுகோலோடு என்னால் உடன்பட முடியவில்லை. காணொளிக் காட்சி எவ்வளவு பிரமாண்டம், கடைசித் திருப்பம் எவ்வளவு எதிர்பாராதது என்ற இரண்டை மட்டும் வைத்தே அவர் மதிப்பெண் போட்டிருக்கிறார். இடையில் ஆட்டக்காரர் செய்கிற வேலைகளை, அதாவது பத்து ஓநாய்களைக் கொல்வது, எட்டு மூலிகைகளைப் பறிப்பது, ஒருவரின் கடிதத்தை இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது போன்றவற்றை, ‘எடுபிடி வேலை’ என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டார். ஒரு குவெஸ்ட் மனத்தில் தங்குவதும் தங்காமல் போவதும் பெரும்பாலும் அந்த எடுபிடி வேலையை அதை எழுதியவர் எப்படிக் கையாண்டார் என்பதைப் பொறுத்தே அமைகிறது என்பது என் கருத்து. முடிவுகளைச் சொல்லாமல் ஒப்பிட இயலாது. ஆகவே இந்த விளையாட்டுகளை இனிமேல்தான் தொடங்கப் போகிறவர்கள் இக்கடிதத்தை இப்போதைக்குத் தள்ளி வைத்துவிடலாம்.

கட்டுரையில் முதலிடம் பெற்றிருப்பது வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டின் ராத்கேட் குவெஸ்ட். 2008 நவம்பரில் வெளியான ராத் ஆஃப் தி லிச் கிங் என்னும் விரிவாக்கத்தில், அதாவது விளையாட்டோடு புதிதாகச் சேர்ந்த பகுதியில், டிராகன்பிளைட் பகுதியின் நீண்ட குவெஸ்ட் வரிசையின் உச்சமாக அது வருகிறது. ஜென்மப் பகை கொண்ட அலையன்ஸ், ஹோர்ட் என்னும் இரு தரப்புப் படைகளும் இறந்தவர்களின் படையை ஆளும் லிச் மன்னனின் கோட்டை வாயிலில் தோளோடு தோள் நிற்கின்றன. மன்னன் வெளியே வந்து ஹோர்டின் இளம் தளபதி சாவ்ஃபாங்கை வெட்டி வீழ்த்துகிறான். அந்த நேரம் பார்த்து மேட்டிலிருந்து ஒரு துரோகி கொள்ளைநோய்க் குப்பிகளை வீச, எதிரி, நண்பன் என்ற பேதமின்றி எல்லோரும் மடிகிறார்கள். சிவப்பு டிராகன்கள் வந்து களத்தையே எரிக்கின்றன. அன்றைக்கு இப்படியொரு காட்சியை வார்கிராஃப்ட்டில் யாரும் பார்த்திருக்கவில்லை என்பது உண்மை. எனினும் அந்தச் சில நிமிடங்களில் ஆட்டக்காரருக்கு எந்த வேலையும் இல்லை. விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். என்னைப் பொறுத்தவரை ராத்கேட்டின் சிறந்த பகுதி காணொளி முடிந்த பிறகே தொடங்குகிறது. எரிந்து கிடக்கும் அதே களத்துக்குத் திரும்பிச் சென்று, ஹோர்ட் ஆட்டக்காரர் இறந்த இளைஞனின் போர்க்கவசத்தைத் தேடி எடுத்து, அதை அவனுடைய தந்தையிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அலையன்ஸ் தரப்பில் ஆடுகிறவரோ அதே களத்தில் வீழ்ந்த தங்கள் தளபதி போல்வாரின் கேடயத்தை எடுத்துக்கொண்டு ஸ்டார்ம்விண்ட் நகருக்குச் சென்று அரசனின் முன் நிற்க வேண்டும். ‘பொருளை எடு, ஆளிடம் கொடு’ என்னும் மிகப் பழைய எடுபிடி வடிவம்தான் இது. ஆனால் ஒரு தகப்பனிடம் மகனின் கவசத்தை நீட்டும்போது அந்த வடிவத்துக்கு எவ்வளவு கனம் கூடுகிறது என்பதைக் கட்டுரையாளர் கவனித்திருந்தால், அதைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருப்பார்.

அதே விளையாட்டில் ராத்கேட்டை விட மேலானது என்று நான் கருதும் குவெஸ்ட் ஒன்று, கட்டுரையில் பெயரளவிலும் இடம்பெறவில்லை. 2004 நவம்பரில் விளையாட்டு தொடங்கியபோதே அதில் இருந்த டிரியன் ஃபோர்ட்ரிங் கதைதான் அது. கொள்ளைநோயால் அழிந்த கிழக்குப் பிளேக்லாண்ட்ஸில், ஆற்றோரக் குடிசை ஒன்றில் ஒரு முதியவர் தனியாக வாழ்கிறார். அவர் முதலில் சொல்லும் வேலைகள் எவ்வளவு அலுப்பூட்டுபவையோ அவ்வளவு அலுப்பூட்டுபவை: நோய் பிடித்த நாய்களைக் கொல்ல வேண்டும், வௌவால்களைக் கொல்ல வேண்டும், பிணந்தின்னிப் புழுக்களின் இறைச்சியைக் கொண்டுவர வேண்டும். பகுதி முழுவதும் அலைந்து இதையெல்லாம் முடித்துக்கொண்டு திரும்பும்போது, அடுத்த பட்டியலை நீட்டுவார் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் அவர் தன் கதையைச் சொல்லத் தொடங்குகிறார். ஒரு காலத்தில் சில்வர் ஹேண்ட் என்னும் புனித வீரர் படையின் பெருந்தலைவர்களில் ஒருவராக இருந்தவர்; எதிரி இனத்தைச் சேர்ந்த ஒருவனின் உயிரைக் காத்த குற்றத்துக்காகப் பட்டம் பறிக்கப்பட்டு நாடு கடத்தப்பட்டவர். தந்தை இறந்துவிட்டார் என்றே நம்பி வளர்ந்த மகன் டேலன், இன்று ஸ்கார்லெட் குரூசேட் என்னும் வெறி பிடித்த கூட்டத்தின் தலைவனாக ஹார்த்க்ளென் கோட்டையில் இருக்கிறான்.

இதன் பிறகு டிரியன் கேட்கும் மூன்று பொருள்களையும் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். முதலாவது, மகன் சிறு வயதில் வைத்து விளையாடிய பொம்மைச் சுத்தியல். அதை ஒரு மண்மேட்டைத் தோண்டி எடுக்க வேண்டும், சுற்றிலும் பிணந்தின்னிகள் காவல் நிற்கின்றன. இரண்டாவது, தங்கள் படையின் இழந்த பெருமையைச் சொல்லும் ஒரு கொடி. மூன்றாவது, அக்குடும்பத்தை வரைந்த ஓர் ஓவியம். எரிந்துகொண்டேயிருக்கும் ஸ்ட்ராத்ஹோம் நகரின் உள்ளே, வேறொரு படத்துக்குப் பின்னால் அது மறைந்திருக்கிறது. இவை எதிலும் மந்திர சக்தி இல்லை. சந்தையில் விற்றால் ஒரு செம்புக் காசும் தேறாது. வாளும் கவசமும் சேர்ப்பதற்காகவே நாள் முழுவதும் உழைக்கும் ஆட்டக்காரரை, யாருக்கும் பயன்படாத ஒரு மரச் சுத்தியலுக்காக உயிரைப் பணயம் வைக்கச் செய்கிறார் எழுதியவர். கடைசியில் மாறுவேடத்தில் கோட்டைக்குள் நுழைந்து மகனிடம் அவற்றைச் சேர்த்ததும், அவன் தந்தையைத் தேடித் தன் கூட்டத்தையே உதறிவிட்டு வெளியேறுகிறான். அவனுக்குத் துணையாகப் பாதை நெடுகச் சண்டையிட்டுக்கொண்டு நாமும் வருகிறோம். எல்லை அருகே இசிலியன் என்னும் மதத் தலைவன் வழிமறித்து அவனைக் கொல்கிறான். டிரியன் வந்து சேர்வது அதற்குப் பிறகுதான். கொன்றவனைக் கொல்கிறார், கலைந்துபோன படையை மீண்டும் எழுப்புவேன் என்று சபதம் செய்கிறார். 2008இல் லிச் மன்னனை எதிர்த்து நிற்கும் மாவீரராக டிரியன் திரும்பி வந்தபோது, ‘இவருக்காக நான் நாய்களைக் கொன்றிருக்கிறேன்’ என்று உரிமையோடு சொல்லிக்கொள்ளப் பழைய ஆட்டக்காரர்களால் முடிந்தது. எந்தக் காணொளியாலும் இந்த உரிமையைக் கொடுத்துவிட முடியாது.

இக்கதையின் இன்னொரு சிறப்பும் கட்டுரையாளரின் அளவுகோலுக்கு அகப்படாதது. ஸ்ட்ராத்ஹோம் நகருக்குள் தனியாகப் போக முடியாது. ஐந்து பேர் கொண்ட குழு வேண்டும். அந்த ஓவியம் மற்ற நால்வருக்குத் தேவைப்படாமலும் இருக்கலாம். ஆக, நம்முடைய கதை நகர வேண்டுமானால், முகம் தெரியாத நால்வர் ஒரு மாலை நேரத்தை நமக்காகச் செலவிட வேண்டும். நாளை அவர்களுடைய ஓவியத்துக்காக நாம் செல்ல வேண்டும். தனியாள் விளையாட்டுகளில் இதைவிடச் செறிவான கதைகள் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை, ஆனால் இந்தக் கொடுக்கல் வாங்கல் அவற்றில் இல்லை.

இதற்கு ஒரு வேடிக்கையான மறுபக்கமும் இருக்கிறது. உலகைக் காக்க வந்த ஒரே வீரர் நீங்கள்தான் என்று கதை சொல்லும். திரும்பிப் பார்த்தால் அதே முதியவரின் முன்னால் இன்னும் பத்து ‘ஒரே வீரர்கள்’ நிற்பார்கள். 2019 ஆகஸ்டில், விளையாட்டைப் பழைய வடிவிலேயே ஆட விடும் வார்கிராஃப்ட் கிளாசிக் சர்வர்கள் திறந்தபோது, குவெஸ்ட்டுக்கு வேண்டிய ஒரு பூதத்தைக் கொல்வதற்காக ஆட்டக்காரர்கள் தாங்களாகவே வரிசையில் நின்ற காட்சி அக்காலத்தில் பரவலாகப் பேசப்பட்டது. நம்மூர் ரேஷன் கடையில்கூட அவ்வளவு ஒழுங்கான வரிசையை நான் கண்டதில்லை.

கிளாசிக் சர்வர்களைக் குறிப்பிடக் காரணம் உண்டு. 2010 டிசம்பரில் வெளியான கேட்டகிளிசம் விரிவாக்கம் பழைய நிலப்பகுதிகளை எல்லாம் திருத்தி எழுதியபோது, டிரியனின் இந்தக் கதை விளையாட்டிலிருந்தே நீக்கப்பட்டது. ராத்கேட்டைத் தொடர்ந்து வரும் அண்டர்சிட்டி போரும் அவ்வாறே மறைந்தது. ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் கழித்து, கிளாசிக் சர்வர்கள் வந்த பிறகே டிரியனை மீண்டும் அந்தக் குடிசையில் சந்திக்க முடிந்தது. எழுதப்பட்ட ஒரு கதையை வெளியிட்ட நிறுவனமே எல்லோரிடமிருந்தும் திரும்பப் பெற்றுக்கொள்ளும் வசதி வேறெந்தக் கலை வடிவத்திலும் இவ்வளவு எளிதாக இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. எந்தக் குவெஸ்ட் இன்றும் கிடைக்கிறது, எது நீக்கப்பட்டுவிட்டது என்ற குறிப்பு கட்டுரையில் எங்குமே இல்லாதது ஒரு குறை.

அடுத்து, கட்டுரையாளர் ‘சிறுவர்களுக்கானது’ என்று ஓரங்கட்டிய ரூன்ஸ்கேப் விளையாட்டுக்கு வருகிறேன். தரவிறக்கம் எதுவும் தேவையில்லாமல் பிரவுசரிலேயே ஓடிய விளையாட்டு அது; மணிக் கணக்கில் கட்டணம் வாங்கிய பிரவுசிங் சென்டர்களின் பழைய கணினியிலும் திணறாமல் ஓடும் என்பதால், என் தலைமுறையில் பலருக்கு முதல் குவெஸ்ட் அனுபவமே அதில்தான் கிடைத்தது. 2001 ஜனவரியில் அவ்விளையாட்டு தொடங்கியபோதே இருந்த குவெஸ்ட்டுகளில் ஒன்று, லம்பிரிட்ஜ் கோட்டைச் சமையல்காரருக்கு உதவுவது. பிரபுவின் பிறந்தநாளுக்கு கேக் செய்ய முட்டை, பால், மாவு மூன்றும் வேண்டும் என்பார். பசுவிடம் பால் கறக்க வேண்டும். கோதுமையைக் காற்றாலையின் மேல்தளத்துக்குத் தூக்கிச் சென்று கொட்டி, நெம்புகோலை இழுத்துவிட்டு, கீழே இறங்கி வந்து பானையில் மாவை அள்ள வேண்டும். இதை விட எளிய எடுபிடி வேலை இருக்க முடியாது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 2006 மார்ச்சில், அந்த விளையாட்டின் நூறாவது குவெஸ்ட் வெளிவந்தபோது, அதே சமையல்காரர் அதே சமையலறையில் நின்றுகொண்டு மீண்டும் நம்மிடம் பொருள்கள் கேட்டார். இம்முறை அழுகிய தக்காளியும் அதில் அடக்கம். மாவரைத்துக் கொடுத்த பழைய நினைப்பில் சிரித்துக்கொண்டே கொண்டுபோய்க் கொடுத்தால், இரகசியப் பேரவையின் விருந்து நடக்கும் மண்டபத்துக்குள் நுழைகிறோம். சமையல் மந்திரவாதி ஒருவன் தோன்றி விருந்தினரைக் கொல்ல முயல, காலம் அப்படியே உறைய வைக்கப்படுகிறது. உறைந்துபோன ஒவ்வொருவரையும் விடுவிக்க அவரவருக்குப் பிடித்த உணவைச் சமைத்து ஊட்ட வேண்டும். அந்த உணவு ஒவ்வொன்றும் தனித்தனிக் குவெஸ்ட். விளையாட்டின் மிகச் சாதாரணமான முதல் வேலையை எடுத்து, அதன் மிகப் பெரிய விழாவுக்கு அடித்தளமாக்கிய இந்தத் துணிச்சலை நான் டிராகன்களுக்கும் பேரரசர்களுக்கும் மேலாக மதிக்கிறேன்.

அதே ஆட்டத்தில் 2004இல் வெளியான ‘ஒன் ஸ்மால் ஃபேவர்’ எடுபிடி வேலையை நேரடியாகவே கிண்டல் செய்கிறது. காட்டுக் கிராமத்து வியாபாரி ஒருவருக்குக் கொஞ்சம் மரம் வேண்டும். மரம் வெட்டுபவர் தன் கோடரியைத் தீட்டித் தரச் சொல்கிறார். தீட்டுபவர் வேறொரு சின்ன உதவி கேட்கிறார். இப்படியே பதினைந்துக்கும் மேற்பட்டவர்கள் ‘ஒரே ஒரு சின்ன உதவி’ கேட்டு, நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நம்மை விரட்டுகிறார்கள். சங்கிலியின் கடைசி ஆளைத் திருப்திப்படுத்திய பிறகு, வந்த வழியே ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்துக்கொண்டு வர வேண்டும். பலர் இதைச் சகித்துக்கொள்ள முடியாமல் பாதியில் விட்டார்கள். எனக்கு இது மிகவும் பிடித்தமானது என்று சொல்ல மாட்டேன். நகைச்சுவை அதிகமாக நீள்கிறது. ஆனாலும் அலுப்பையே கதையாக்க முடியும் என்பதை இவ்வளவு பிடிவாதமாக வேறு யாரும் நிரூபித்ததில்லை.

ரூன்ஸ்கேப்பில் என் தனிப்பட்ட தேர்வு சிரிசஸ் என்னும் பாத்திரத்தின் கதை. 2007இல் வந்த ‘ட்ரீம் மென்டார்’ குவெஸ்ட்டில், தோற்றுப்போய், பயத்தில் ஒடுங்கி, சுரங்கக் குகை ஒன்றில் விழுந்து கிடக்கும் ஒரு முன்னாள் வீரனை நாம் காண்கிறோம். அவனுக்கு உணவு கொடுத்து எழுப்ப வேண்டும். பேச்சுக் கொடுத்துத் தைரியம் சொல்ல வேண்டும். அவனுடைய கவசங்களைக் கொண்டுவந்து மாட்டிவிட வேண்டும். அதன் பிறகு அவனுடைய கனவுக்குள் நுழைந்து, பூத வடிவெடுத்த அவனது பயங்களை அவனோடு சேர்ந்து எதிர்கொள்ள வேண்டும். அந்தப் பூதங்களில் ஒன்றுக்கு ‘போதாமை’ என்றே பெயர். குணமடைந்தவன் நன்றி சொல்லி விடைபெறுகிறான். கதை நல்லபடியாக முடிந்தது என்று எல்லோரும் வேறு வேலை பார்க்கப் போய்விட்டோம். 2008 நவம்பரில் வெளியான ‘வைல் கூதிக்ஸ் ஸ்லீப்ஸ்’ குவெஸ்ட்டில், லூசியன் என்னும் பெரும் எதிரியை எதிர்கொள்ள நாட்டின் வீரர்கள் திரளும்போது சிரிசஸும் வந்து நிற்கிறான். ஒரு கணக்கில் பார்த்தால் அவன் அங்கே வந்து நிற்பதற்குக் காரணமே நாம்தான். லூசியன் கொல்கிற வீரர்களில் அவனும் ஒருவன். கூடவே, பல ஆண்டுகளாக ஆட்டக்காரர்கள் நாள்தோறும் சென்று வேலை கேட்டு வாங்கிய டூராடெல், டூரேல் என்னும் இரு ஆசான்களும் இறக்கிறார்கள். அதன் பின் அவர்கள் நின்ற இடத்துக்குப் போனால் வேறொருவர் நிற்கிறார். இதைத் திருப்பம் என்று சொன்னால் குறைத்துச் சொன்னதாகிவிடும். கையால் சோறூட்டி எழுப்பிய ஒருவனைப் பறிகொடுப்பதற்கும், காணொளியில் அறிமுகமான ஒருவன் மடிவதைப் பார்ப்பதற்கும் இருக்கும் வேறுபாட்டை ராத்கேட்டையும் இதையும் அருகருகே வைத்தால் யாரும் உணரலாம். இரண்டும் ஒரே மாதத்தில் வெளிவந்தவை என்பது தற்செயல்தான், ஆனாலும் ஒப்பிடுவதற்கு வசதியான தற்செயல்.

கட்டுரையில் இரண்டாம் இடம் பெற்றிருக்கும் ஃபைனல் ஃபேன்டசி 14 பற்றி எனக்குப் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. 2019இல் வந்த ஷேடோபிரிங்கர்ஸ் கதையைப் புகழாதவர் குறைவு. கடலடியில், எதிரியான எமெட்-செல்க் தன் மந்திரத்தால் மீண்டும் எழுப்பி வைத்திருக்கும் அமரோட் நகரத்தில் நடந்து செல்லும்போது, அங்கிருக்கும் உயரமான நிழல் மனிதர்கள் தாங்கள் எப்போதோ அழிந்துவிட்டவர்கள் என்பதை அறியாமல், நம்மை ஏதோ ஒரு குழந்தை என நினைத்துப் பரிவோடு பேசும் பகுதிக்கு ஈடாக இந்த வகை விளையாட்டில் நான் எதையும் கண்டதில்லை. எதிரியின் துக்கத்தை அவன் வாயால் கேட்பதை விட அவன் ஊர்த் தெருவில் நடந்து அறிவது மேல். ஆனால் இக்கதையின் ஆசிரியர் நட்சுகோ இஷிகாவா அதற்கு முன்பு, 2015இல் வந்த ஹெவன்ஸ்வார்ட் விரிவாக்கத்துக்காக எழுதிய, டார்க் நைட் என்னும் வீரர் வகைக்கான குவெஸ்ட்டுகளைக் கட்டுரையாளர் குறிப்பிடாமல் விட்டது எனக்கு வியப்பளிக்கிறது, ஏனென்றால் எடுபிடி வேலை பற்றி இதுவரை எழுதப்பட்ட கதைகளில் தலையாயது அதுதான்.

அதன் பின்னணியைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2010இல் வெளியாகித் தோல்வியுற்ற முதல் வடிவத்தை மூடிவிட்டு, நவோகி யோஷிதா தலைமையிலான குழு 2013இல் புதிதாகக் கட்டி எழுப்பிய விளையாட்டு இது. அந்த மறுபிறவியின் முதல் கதையில் எடுபிடி வேலைகள் மலிந்து கிடந்தன. டைட்டன் என்னும் பூத தெய்வத்தோடு போரிடப் புறப்படும் நேரத்தில், பழைய வீரர்கள் சிலருக்கு விருந்து வைப்பதற்காக ஒயினும் பாலாடைக்கட்டியும் தேடி ஊர் ஊராக அலைந்த பகுதியை நினைத்தால் இன்றும் பலருக்கு எரிச்சல் வரும். உலகைக் காக்கும் வீரரைச் சந்தைக்கு அனுப்பாத ஆளே அந்த விளையாட்டில் இல்லை. இந்த நிலையில், டார்க் நைட் ஆக விரும்புகிறவர் இஷ்கார்ட் நகரில் இறந்து கிடக்கும் ஒரு வீரனின் உடலருகே சென்று அவனிடமிருந்த படிகத்தைத் தொடுகிறார். ஃப்ரே என்னும் அந்த வீரன் எழுந்து, ஆசானாக நமக்கு வழிகாட்டத் தொடங்குகிறான். பயிற்சியின் நடுவே வழக்கம்போல யார் யாரோ வந்து உதவி கேட்கிறார்கள். நாமும் வழக்கம்போலச் செய்கிறோம். ஒவ்வொரு முறையும் ஃப்ரேயின் கோபம் ஏறுகிறது. இவர்களுக்கு நீ யார் என்பதாவது தெரியுமா, இவர்கள் உன்னை வேலைக்காரனாகத்தானே பார்க்கிறார்கள் என்னும் பொருள்படப் பொரிந்து தள்ளுகிறான். கடைசியில்தான் உண்மை வெளிப்படுகிறது: ஃப்ரே முன்பே இறந்துவிட்டவன்; இத்தனை நேரமும் அவன் உருவில் பேசிக்கொண்டிருந்தது, யாரிடமும் இல்லை என்று சொல்லத் தெரியாத நம் வீரரின் அடக்கி வைத்த மனம்தான். அந்த நிழலோடு நாம் சண்டையிட்டு, பிறகு அதனோடு சமரசம் செய்துகொள்கிறோம். திரைக்கு இந்தப் பக்கம் அமர்ந்து, 2013 முதல் ஒயினும் பாலாடைக்கட்டியும் சுமந்த ஆட்டக்காரரின் உண்மையான எரிச்சலையே எடுத்துப் பாத்திரத்தின் எரிச்சலாக மாற்றிவிட்டார் இஷிகாவா. அந்த அலுப்பை அனுபவிக்காமல், கதைச் சுருக்கத்தை மட்டும் வாசிப்பவருக்கு இக்குவெஸ்ட் பாதியும் விளங்காது. இதைச் சுருக்கமாக எழுதும் நானும் அக்குறைக்கு விதிவிலக்கல்லன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபன்காம் நிறுவனம் 2012இல் வெளியிட்ட தி சீக்ரெட் வேர்ல்ட் விளையாட்டில், ‘கிங்ஸ்மவுத் கோட்’ என்றொரு துப்பறியும் குவெஸ்ட் உண்டு. ஊரின் சாக்கடை மூடிகளில் பொறித்த இரகசியச் சின்னங்களைப் பின்தொடர வேண்டும். கடிகார முள் காட்டும் நேரத்தை விவிலியத்து அரசர்கள் நூலின் வசன எண்ணோடு பொருத்திப் பார்க்க வேண்டும். தெரியாததைத் தேடிப் பார்க்க விளையாட்டுக்குள்ளேயே ஒரு பிரவுசர் வைத்திருந்தார்கள். அடுத்து எங்கே போக வேண்டும் என்று அம்புக்குறி காட்டாத அந்த நம்பிக்கை எனக்குப் பிடித்திருந்தது. உரையாடல் ஒவ்வொன்றுக்கும் நடிகர்களின் குரல் கொடுத்திருக்கும் எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் கேட்பதற்கு இனிமையானது, ஆனால் எந்த ஒரு குவெஸ்ட்டும் தனியாக என் நினைவில் நிற்கவில்லை. இளைய வாசகர்கள் மிக அதிகமாக ஆடும் ஜென்ஷின் இம்பாக்ட்டில், 2022 ஆகஸ்டில் சுமேரு நாட்டோடு வந்த ‘அரண்யகா’ குவெஸ்ட் வரிசையைக் கட்டுரையாளர் ‘தேவையற்ற நீளம்’ என்று குறை கூறுகிறார். நீளம்தான், மறுக்கவில்லை. எனினும் குழந்தைகளின் கண்ணுக்கு மட்டும் தென்படும் அரனாரா என்னும் வன உயிர்களோடு கூடிச் சமைத்து, யாழ் போன்ற ஒரு கருவியில் அவற்றின் பாடலைச் சுரம் சுரமாக நாமே வாசித்து வழி திறக்கும் அந்தக் கதை, நினைவுகளையே விலையாகக் கொடுத்து ஒரு தோழியைக் காப்பாற்றும் அராமா என்னும் அரனாராவிடம் வந்து முடியும்போது, அந்த நீளம் வீண் என்று எனக்குத் தோன்றவில்லை. அவ்விளையாட்டின் பெயர் பெற்ற பாத்திரக் கதைகளின் மீது எனக்கு இருக்கும் தயக்கம் வேறு: கதையில் நம்மைக் கண்கலங்க வைக்கும் பாத்திரம், கதை முடிந்த கையோடு அதிர்ஷ்டக் குலுக்கலில் காசு போட்டு வாங்க வேண்டிய சரக்காக வந்து நிற்கிறது. அரனாராக்களை யாரும் விற்கவில்லை. ஒருவேளை அதனாலும் எனக்கு அவற்றைப் பிடித்திருக்கலாம்.

இறுதியாக, இணையத்தில் மட்டுமே நடக்கக்கூடிய ஒரு குவெஸ்ட்டைக் கட்டுரை முற்றிலும் மறந்துவிட்டது. 2006 ஜனவரியில் வார்கிராஃப்ட்டில் ஆன்கிராஜ் நகரின் கதவுகளைத் திறக்க, ஒவ்வொரு சர்வரிலும் இரு தரப்பு ஆட்டக்காரர்களும் சேர்ந்து போர்ச் சேமிப்புக்குப் பொருள் கொடுக்க வேண்டியிருந்தது: செம்புப் பாளங்கள், தோல், காயங்களுக்குக் கட்டும் துணி, சமைத்த மீன். நேற்று சேர்ந்த புதியவரும் தன் பங்குக்குச் சில துணிக்கட்டுகளைக் கொண்டுவந்து கொடுக்கலாம். அதே வேளையில், கதவைத் திறக்கும் செங்கோலைப் பெறுவதற்காக ஒரு வீரர் தனி வரிசையில் பாடுபட வேண்டும். டிராகன் குலத்தின் பகையை நட்பாக மாற்ற, அவரும் கில்ட் எனப்படும் அவருடைய ஆட்டக்காரர் குழுவும் பாலைவனப் பூச்சிகளைக் கொன்று அவற்றின் ஓட்டுத் துண்டுகளை இருநூறு இருநூறாகச் சேர்த்துக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். எல்லாம் கூடிய நாளில் அவர் சென்று காண்டாமணியை அடித்ததும் கதவு திறக்கும், போர் வெடிக்கும். அடுத்த பத்து மணி நேரத்துக்குள் செங்கோலோடு வருபவர்களும் அடித்துப் பட்டம் பெறலாம், அதற்குப் பிறகு அந்தச் சர்வரில் அவ்வாய்ப்பு யாருக்கும் கிடையாது. வேடிக்கை பார்க்கத் திரண்ட கூட்டத்தைத் தாங்காமல் பல சர்வர்கள் படுத்துவிட்டன என்பதும் அக்கதையின் ஒரு பகுதியே. காணொளி அழகில் ராத்கேட்டுக்கு அருகில்கூட இது வராது. ஆனால் பல்லாயிரம் பேரின் துணிக்கட்டுகளும் மீன்களும் சேர்ந்துதான் கதவு திறந்தது என்பதால், மணி அடித்தவருக்கு மட்டும் உரியதாக அந்தக் கதை முடிந்துபோகவில்லை.

தங்கள் இணைப்பில் இத்தொடரின் அடுத்த பகுதியும் வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். திரைப்பட விமர்சனத்தில் கதை, வசனம் யாருடையது என்று அச்சிடுவதைப் போல, குவெஸ்ட்டை எழுதியவரின் பெயர் பொதுவெளியில் தெரிந்திருந்தால் அதையும் அச்சிடுங்கள். கட்டுரை முழுவதிலும் நிறுவனங்களின் பெயர்கள் மட்டுமே இருந்தன, எழுத்தாளர் ஒருவரின் பெயர்கூட இல்லை. இரண்டாவதாக, கட்டுரையாளர் டார்க் நைட் குவெஸ்ட்டுகளை இணையக் காணொளியில் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல் ஒரு முறை ஆடியும் பார்க்க வேண்டும். 2023 அக்டோபர் முதல் ஃபைனல் ஃபேன்டசி 14இன் இலவசப் பதிப்பில் 70ஆம் லெவல் வரை ஆடலாம் என்பதால், இஷ்கார்ட் வரையிலான கதைக்கும் ஃப்ரேயின் கதைக்கும் காசு செலவில்லை. வழியில் ஒயின், பாலாடைக்கட்டி வேலைகள் வரும்போது தாவிச் செல்ல வழி தேடாமல் அவற்றையும் செய்துவிட்டுப் போகும்படி அவரிடம் சொல்லுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
நெடுநாள் வாசகர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.